கூரையில் ஓர் அன்ரனாவுக்கு இடம் தாருங்கள்

மதிப்புக்குரிய கிழக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், திருகோணமலை மாவட்டத்தின் வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர். பாடசாலை நேரம் போக மிச்ச நேரத்தில், எங்கள் தலைக்கு மேலால் பறந்துபோகும் சிறிய செய்மதிகளின் ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பவன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். இந்த மாவட்டத்தில் ஒரு பாடசாலையின் கூரையில், செய்மதிகளைக் கேட்பதற்கு ஓர் அன்ரனா நிரந்தரமாகப் பூட்ட அனுமதி தாருங்கள். அந்த அனுமதியை உங்கள் கையொப்பத்தோடு கடிதமாகத் தாருங்கள். கடிதம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2019 ஜூன் 17 அன்று, சர்வதேச விண்வெளி நிலையத்திலுள்ள ஜப்பானின் கிபோ பகுதியிலிருந்து இராவணா-1 வெளியே விடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு பக்கமும் பத்து சென்ரிமீற்றர், நிறை ஏறக்குறைய ஒரு கிலோ. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் அதைக் கட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெண். இங்கே ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகம் பின்னால் நின்றது. நேபாளத்தின் முதலாவது செய்மதியும் அதே நாளில்தான் விடப்பட்டது. பத்திரிகைகளில் படம் வந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கோணேசர் கோவிலடியில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

பத்திரிகைகள் அதிகம் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் செய்மதி பேசியது அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு, அதாவது ஹாம்களுக்கு, ஒதுக்கப்பட்ட அலைவரிசையில். 437 மெகாஹேர்ட்ஸ் பக்கம், மோர்ஸ் சங்கேதத்தில், தன் பெயரையும் மின்கலத்தின் நிலையையும் அது சொல்லிக்கொண்டே போனது. கையில் ஒரு சிறிய அன்ரனாவும், வானொலி அலையைப் பெறும் கருவியான ஒரு வாங்கியும் இருந்திருந்தால் திருகோணமலையில் எந்தப் பிள்ளையும் அதைக் கேட்டிருக்கலாம். நாளுக்குச் சில தடவை எங்கள் அடிவானத்துக்குள் வந்து போனது. 2021 இல் வளிமண்டலத்துக்குள் இறங்கி எரிந்து முடிந்தது. அந்த இரண்டு வருடத்திலும், நான் அறிந்த வரையில், எங்கள் மாவட்டப் பாடசாலை ஒன்றில்கூட அதன் குரல் கேட்கவில்லை. நாட்டின் பெயரைச் சுமந்து போன ஒரு பெட்டி எங்கள் வகுப்பறைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தபோது, உள்ளே நாங்கள் கரும்பலகையில் சுற்றுப்பாதை கீறிக்கொண்டிருந்தோம். அது இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்.

செய்மதி என்றாலே அரசாங்கங்களின் வேலை, கோடிக்கணக்கான காசு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. ஹாம்களின் சரித்திரம் வேறு மாதிரி. ஸ்புட்னிக் பறந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. 1961 டிசம்பர் 12 அன்று, கலிபோர்னியாவில் சில வானொலி ஆர்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் கட்டிய ஒஸ்கார்-1, அமெரிக்க விமானப்படையின் ரொக்கெட் ஒன்றில் சமநிலைக்காக வைக்கும் பாரத்தின் இடத்தில் ஏறிப் போனது. நிறை நாலரைக் கிலோ. அது அனுப்பியது ஒரே ஒரு சொல்: மோர்ஸில் ‘ஹாய்’. உள்ளே வெப்பநிலை மாற மாற அந்தச் சொல்லின் வேகமும் மாறியது. ஆகவே கையில் ஒரு கடிகாரம் இருந்தால், விண்வெளியில் ஒரு பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று பூமியிலிருந்து கணக்கிடலாம். 28 நாடுகளிலிருந்து 570 க்கும் மேற்பட்டவர்கள் கேட்டு எழுதி அனுப்பினார்கள். ஆய்வுகூடப் பரிசோதனைக்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அடுத்தது ஒஸ்கார்-7. மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு மிகவும் பிடித்த கதை. 1974 நவம்பரில் மேலே போனது. 1981 இல் அதன் மின்கலம் குறுஞ்சுற்றாகிப் பேச்சு நின்றது. எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். 2002 ஜூனில் ஒரு நாள், திரும்பவும் அதன் குரல் கேட்டது! பழுதான மின்கலம் காலப்போக்கில் திறந்த சுற்றாக மாறிவிட்டிருந்தது. சூரியப் படலங்களிலிருந்து வரும் மின்னோட்டம் இனி மின்கலத்துக்குள் வீணாகாமல் நேரே வானொலிக்குப் போனது. வெயில் பட்டால் பேசும், பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடும். குறுஞ்சுற்றுக்கும் திறந்த சுற்றுக்கும் வித்தியாசம் கேட்கும் பரீட்சை வினாவுக்கு ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்காத விடை இது.

எங்கள் பக்கத்து நாட்டில், 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஹாம்சட் என்ற 42.5 கிலோ செய்மதியை இஸ்ரோ ஏவியது, ஹாம்களுக்கென்றே. அதிலிருந்த இரண்டு டிரான்ஸ்பொண்டர்களில், அதாவது கீழிருந்து வரும் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளில், ஒன்றை வடிவமைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு மாணவர். 2014 வரை அது வேலை செய்தது. 2009 ஏப்ரலில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசட் போனது. தமிழில் பேசிச் சிரித்துச் சண்டை பிடித்துக்கொண்டு பிள்ளைகள் செய்மதி கட்டிய இடம் எங்களிடமிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை.

இப்போது இந்தச் சிறிய செய்மதிகளுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. 1999 இல் அமெரிக்காவில் ஜோர்டி புய்க்-சுவாரி, பொப் ட்விக்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள், மாணவர்கள் கட்டி முடிக்கக்கூடிய அளவாகப் பத்து சென்ரிமீற்றர் கனசதுரம் ஒன்றை வரையறுத்தார்கள். கியூப்சட் என்று பெயர். இராவணா-1 உம் அந்த வகைதான். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் இதைக் கட்டுகின்றன. கட்டி அனுப்பியதும் எல்லோருக்கும் ஒரே பிரச்சினை. தங்கள் ஊரின் அடிவானத்தைத் தாண்டிப் போனால் அந்தச் செய்மதியைக் கேட்க அவர்களுக்கு வேறு காதுகள் வேண்டும். அந்தக் காதுகளாக இருப்பவர்கள் பெரும்பாலும் ஹாம்களும் ஆர்வலர்களும்தான். கிரேக்க நாட்டில் தொடங்கிய சட்நொக்ஸ் என்ற வலையமைப்பில், தன்னார்வலர்கள் தங்கள் கூரையில் பூட்டிய நிலையங்கள் தாமாகவே செய்மதிகளைப் பதிவுசெய்து எல்லோருக்கும் பொதுவாக வைக்கின்றன. எங்கள் பாடசாலை ஒன்றின் பெயரிலும் அப்படியொரு நிலையம் இருக்கலாம்.

என்ன செலவாகும் என்று முதலில் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாங்கி என்பது பெருவிரல் அளவான ஒரு யூஎஸ்பி கருவி. டிவி பார்ப்பதற்காகச் செய்த சில்லு அதற்குள் இருக்கிறது. அதன் விலை ஒரு நல்ல சோடிச் சப்பாத்தின் விலை. கணினி உங்கள் பாடசாலைகளில் ஏற்கனவே இருக்கிறது. மென்பொருள் இலவசம். அன்ரனாவை ஹாட்வெயார் கடையில் வாங்கும் சாமான்களால் செய்யலாம். ஒரு பிவிசி குழாய், மேசன்மார் பாவிக்கும் உருக்கு அளவு நாடா, தண்ணீர்க் குழாயை இறுக்கும் கிளிப்புகள், கொஞ்சம் ஈயம். 145 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் இரண்டு மீற்றர் அளவு வரும், அதில் பாதி ஒரு மீற்றர். அந்த நீளத்துக்கு நாடாவை வெட்டும்போதுதான் அலைநீளம் என்பது பிள்ளையின் கைக்கு வந்து சேருகிறது. வெட்டிய நுனியில் மஞ்சள் வர்ணத்தை அரத்தாளால் சுரண்டி எடுக்காவிட்டால் ஈயம் ஒட்டாது. அதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஒருமுறை சில மாணவர்களை உப்புவெளிப் பக்கம் ஒரு மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன். விடிகிற நேரம். சர்வதேச விண்வெளி நிலையம் வடமேற்கில் எழுந்து தென்கிழக்குக் கடலில் இறங்கப்போகிற பாதை. நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுவதால் ஒரு தரம் கடந்துபோகப் பத்து நிமிடமளவில் எடுக்கும். ஒரு பிள்ளை அன்ரனாவைப் பிடித்தாள், ஒரு பையன் திசைகாட்டியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான், மற்றவர்கள் மடிக்கணினியைச் சுற்றி. முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் 145.825 மெகாஹேர்ட்ஸில் தரவுப் பொட்டலங்கள் கீச்சிட்டுக் கீச்சிட்டு வரத் தொடங்கின. அன்ரனாவை ஒரு சாண் திருப்பினால் குரல் மெலிந்தது, மணிக்கட்டைச் சுழற்றினால் திரும்பத் தெளிந்தது. முனைவாக்கத்தை, அதாவது அலை அதிரும் திசையை, அவள் கை படித்துவிட்டது. பிறகு 437 இல் ஒரு கியூப்சட் வந்தபோது திரையில் அதன் கோடு நேராக நிற்காமல் வளைந்து இறங்கியது. “சேர், இது டொப்ளர் தானே?” என்று கேட்டான் பையன். ஆம்புலன்ஸ் சைரன் என்று நாங்கள் வருடா வருடம் சொல்லும் அதே டொப்ளர்தான். அந்த மீடிறனில் செய்மதி நெருங்கும்போது பத்து கிலோஹேர்ட்ஸ் அளவு மேலேயும், விலகும்போது அதே அளவு கீழேயும் போகும். அந்த வளைவை வைத்து அவர்கள் வேகத்தைக் கணக்கிட்டார்கள். செக்கனுக்கு ஏழு கிலோமீற்றருக்கு மேல் என்று விடை வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் நம்பவில்லை. திரும்பவும் கணக்குப் போட்டார்கள்.

இந்த டொப்ளர் வளைவு ஒரு பரீட்சைக் கணக்கோடு நிற்கவில்லை. கடற்கரை மாவட்டத்தின் கல்வி அதிகாரிகளாகிய நீங்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். 1970களில் கனடாவின் ஆய்வாளர்கள் ஹாம்களின் ஒஸ்கார் செய்மதிகளையே பாவித்து, கீழேயுள்ள ஒரு சிறிய அபாயச் சமிக்ஞைக் கருவியின் இடத்தை டொப்ளர் வளைவிலிருந்து கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். அந்த வழியில் உருவானதுதான் கொஸ்பாஸ்-சார்சட் என்ற சர்வதேச மீட்பு ஒழுங்கு. 1982 செப்டெம்பரில் கனடாவில் விழுந்த ஒரு சிறிய விமானத்தில் இருந்தவர்களை அது முதன்முதலாகக் காப்பாற்றியது. இன்றைக்குக் கப்பல்களும் படகுகளும் 406 மெகாஹேர்ட்ஸில் அனுப்பும் அபாயக்குரல் போய்ச் சேருவது அங்கேதான். மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் தகப்பன் கடலுக்குப் போன பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். டொப்ளர் எதற்கு என்று அவர்கள் கேட்டால் நான் ஆம்புலன்ஸைச் சொல்வதில்லை, இதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கும் செய்மதிக்கும் இன்னொரு உறவு இருக்கிறது. 1945 ஒக்ரோபரில் ஒரு பிரித்தானிய வானொலி இதழில் ஆதர் சி. கிளார்க் என்ற இளைஞர் எழுதினார்: பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வைக்கும் செய்மதி ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும், மூன்று வைத்தால் உலகம் முழுவதையும் இணைக்கலாம் என்று. அதே கிளார்க் 1956 இல் எங்கள் சுவாமி மலையடிக் கடலுக்குள், மைக் வில்சனோடு சுழியோடினார். போர்த்துக்கேயர் 17 ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் சிற்பங்களையும் அவர்கள் அங்கே கண்டார்கள். அவர் சொன்ன உயரத்தில் ஹாம்களுக்கென ஓர் இடம் 2018 நவம்பரில்தான் கிடைத்தது. கட்டாரின் எஸ்ஹெய்ல்-2 செய்மதியில், ஜெர்மன் ஹாம்களும் கட்டார் ஹாம்களும் சேர்ந்து ஒரு டிரான்ஸ்பொண்டரை வைத்தார்கள். கியூஓ-100 என்பது அதன் பெயர். பிரேசிலிலிருந்து தாய்லாந்து வரைக்கும் அது தெரியும். திருகோணமலையில் நின்றால் மேற்கே, அடிவானத்திலிருந்து 26 பாகையளவில். நாள் முழுக்க அசையாமல் அங்கேயே நிற்கும். கேட்பதற்கு, நான் சொன்ன அந்த யூஎஸ்பி வாங்கியோடு, வீட்டுக்கு வீடு கூரையில் நிற்கும் செய்மதி டிவி டிஷ்ஷும் அதன் முன்னால் இருந்து சமிக்ஞையைப் பிடிக்கும் எல்என்பி என்ற சிறிய பெட்டியும் போதும். பழுதென்று கழற்றி மூலையில் போட்ட டிஷ் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. அதைப் பொறுக்கி வந்து மேற்கே திருப்பினால், ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஹாம்கள் பேசிக்கொள்வது திருகோணமலை வகுப்பறையில் கேட்கும்.

சரி, இவ்வளவு சுலபமென்றால் கடிதம் எதற்கு?

எங்கள் மாவட்டத்தின் நிலைமை உங்களுக்குத் தெரியும். இது கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் இருக்கும் ஊர். சீனன்குடாவில் விமானப்படை. போர்க்காலத்தில் ஒரு வீட்டுக் கூரையில் வழக்கத்துக்கு மாறான கம்பி ஒன்று தெரிந்தால் என்ன நடக்குமென்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானொலிக் கருவியைத் தொட்டுப் பழக வேண்டிய வயதில் நாங்கள் அதிலிருந்து விலகி நிற்கப் பழகினோம். திருகோணமலைக்கு வடக்கே ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்ல கட்டிய பெரிய சிற்றலை அஞ்சல் நிலையத்தின் கோபுரங்கள் நின்றன, உலகத்துக்கெல்லாம் குரல் இங்கிருந்து போனது. அதைத் தெருவிலிருந்து பார்த்தோம். கொழும்பிலோ கண்டியிலோ ஒரு பிள்ளைக்கு ஆர்வம் வந்தால், கையைப் பிடித்துக் காட்டித்தர, இலங்கை ஹாம்களுக்குரிய 4எஸ் அழைப்புக்குறி வைத்திருக்கும் ஒரு மூத்தவரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். எங்கள் தெருக்களில் அப்படியானவர்கள் அரிது. காரணம் ஆர்வக் குறைவு இல்லை.

அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. ஒரு பாடசாலையில் மாணவர்களோடு சேர்ந்து ஓர் அன்ரனா பூட்டினேன். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அதிபர் நல்லவர், அவராகவே சம்மதித்தார். கொஞ்ச நாளில் அயலில் யாரோ விசாரித்தார்கள். என்ன கம்பி, யாரிடம் கேட்டீர்கள், எழுத்தில் இருக்கிறதா? எழுத்தில் இல்லை. அதிபருக்கு வந்த சங்கடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளே ஏறிக் கழற்றினார்கள். கழற்றும்போது ஒருத்தி, “சேர், நாங்கள் பிழையாக ஏதும் செய்தோமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அதை உங்கள் வாயாலும் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறேன். நான் முதலில் கேட்பது செய்மதிகளைக் கேட்கும் நிலையம். அங்கிருந்து எதுவும் ஒலிபரப்பாகாது. பேசுவதற்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதற்குப் பரீட்சை இருக்கிறது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். கேட்கும் நிலையத்துக்கும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் விசாரித்து, மாவட்டச் செயலகத்துக்கும் பாதுகாப்புத் தரப்புக்கும் தெரியப்படுத்தி, பெயர்ப்பலகை வைத்தே செய்வோம். எந்த அதிகாரியும் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். பிள்ளைகள் விளங்கப்படுத்துவார்கள்.

பிறகு இரண்டாவது படி. ஆர்வம் நிலைத்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அமெச்சூர் வானொலிப் பரீட்சைக்கான வகுப்பைத் தமிழில் நடத்த வேண்டும். ஓமின் விதியும் அலைபரப்பும் அவர்கள் ஏற்கனவே தமிழில் படித்தவைதான். நிலாவெளியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இதில் கைகொடுக்கும் என்று நம்புகிறேன். அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு கழகம் இங்கே உருவானால், 2000 டிசம்பரிலிருந்து பாடசாலைகளுக்காக நடந்துவரும் ஏற்பாட்டின்கீழ் விண்வெளி நிலையத்திலிருக்கும் விண்வெளி வீரரிடம் எங்கள் பிள்ளைகள் நேரே கேள்வி கேட்க விண்ணப்பிக்கலாம். ஒரு தரம் கடக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் கேட்டு முடிக்க வேண்டும், அதற்கு அவர்கள் எப்படித் தயாராவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியா வைத்தியசாலைக்குள் கடல் வந்தது. தொலைபேசிகள் செத்துப்போன அந்த நாட்களில், அந்தமானின் போர்ட் பிளேயருக்கு வேறொரு வானொலி நிகழ்ச்சிக்காகப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், தன் கருவியை உறவுகளைத் தேடுபவர்களுக்கான தொடர்பாக மாற்றினார். எங்கள் நாட்டு ஹாம்களும் தென்கரையோடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். 2020 டிசம்பரில் புரெவி புயல் எங்கள் மாவட்டக் கரையிலேயே ஏறியது. இனியும் வரும். ரஷ்யாவின் மீற்றியோர் வானிலைச் செய்மதிகள் 137 மெகாஹேர்ட்ஸில் அனுப்பும் முகில் படத்தை, நான் சொன்ன அதே சிறிய கருவியால் நேரடியாக இறக்கலாம், இணையம் தேவையில்லை. வங்கக்கடலில் தாழமுக்கம் சுழல்வதைத் தன் கையால் எடுத்த படத்தில் பார்த்த பிள்ளை, எச்சரிக்கை வந்தால் வீட்டில் சொல்லும் விதமே வேறாக இருக்கும்.

நடைமுறைச் சிக்கல்களையும் யோசித்திருக்கிறேன். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும், ஆகவே வருடத்துக்கு இரண்டு தரம் கழற்றித் துடைக்க வேண்டும். ஒக்ரோபர், நவம்பர் இடிமின்னலுக்கு நிலத்தொடுப்பு முறையாகப் போட வேண்டும், மழைக்காலத்தில் பாவிக்காத நேரம் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும். பாடவிதானம் கெடுமென்ற பயம் வேண்டாம். விண்வெளி நிலையம் பாடசாலை மணியைப் பார்த்து வருவதில்லை, பாடசாலை நேரத்துக்கு வெளியே அது கடக்கும் வேளைகளில் கேட்கலாம். முதல் நிலையத்துக்கான வாங்கியையும் அன்ரனாவையும் நானும் நண்பர்களும் தருகிறோம். எந்தப் பாடசாலை என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: எந்தப் பாடசாலையாக இருந்தாலும் கிண்ணியாப் பிள்ளையும், மூதூர்ப் பிள்ளையும், கந்தளாயிலிருந்து சிங்கள மொழியில் படிக்கும் பிள்ளையும் சனிக்கிழமைகளில் வந்து கேட்கக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடல் தடையில்லாமல் தெரியும் கூரையாக இருந்தால் இன்னும் நல்லது, செய்மதி அடிவானத்தைத் தொடும்வரைக்கும் குரல் கேட்கும்.

நேரில் விளங்கப்படுத்த ஒரு நேரம் தாருங்கள். அன்றைக்கு எந்தச் செய்மதி எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று முதலே பார்த்து, அந்த நேரத்துக்கு மாணவர்களோடும் அன்ரனாவோடும் உங்கள் அலுவலக முற்றத்துக்கு வருகிறோம். நீங்களே கையில் பிடித்துக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.